எஃப்-1 விசாவில் இருந்துகொண்டு மருத்துவக் கல்லூரிக்கு மறுவிண்ணப்பம்: இந்த ஜூனா, அடுத்த ஜூனா?

நாளைய டாக்டர் (கேள்வி):

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் இளங்கலை படிக்கிறேன், வரும் மே மாதம் முடிகிறது. விசா எஃப்-1 (மாணவர் விசா). போன கோடையில் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக எம்.டி. (அமெரிக்காவில் மருத்துவர் ஆவதற்கான பட்டம்) படிப்புக்கு விண்ணப்பித்தேன். ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.71, எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) 511. ஆம்காஸ் சரிபார்த்து முடிக்கும்போது ஆகஸ்ட் கடைசி. கல்லூரிகள் தனித்தனியே கேட்கும் செகண்டரி கட்டுரைகள் பல இடங்களிலிருந்து வந்தன, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நேர்காணலுக்கு அழைத்தது ஒரே ஒரு கல்லூரி, அங்கேயும் இப்போது வெயிட்லிஸ்ட் (காத்திருப்புப் பட்டியல்). மற்ற இடங்களில் நிராகரிப்பு, இல்லையென்றால் மௌனம்.

ஓபிடிக்கு (பட்டத்துக்குப் பின் எஃப்-1ல் வேலை செய்யும் அனுமதி) விண்ணப்பித்தாயிற்று, ஜூலை 1 தொடக்கம். இந்த ஜூனிலேயே மறுபடி போடுவதா, ஒரு சுற்று விட்டுப் போடுவதா? விட்டால் விசா தாங்குமா? அதைவிடப் பெரிய தொல்லை, எதையுமே உறுதியாகத் திட்டமிட முடியாத நிலை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக்கூடத் தயக்கமாக இருக்கிறது. நடைமுறையில் இதை எப்படிச் சமாளிப்பது?

எழுகதிர்:

முதலில் விசாக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கல்லூரி எப்போது என்ன சொல்லும் என்பது யாருக்கும் தெரியாது. விசா அப்படியில்லை, ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஜூலை 1ல் தொடங்கும் ஓபிடி 12 மாதம், அடுத்த ஆண்டு ஜூன் 30ல் முடியும். இந்த ஜூனில் விண்ணப்பித்து இடம் கிடைத்தால் வகுப்பு அடுத்த ஆண்டு ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ தொடங்கும். ஓபிடி முடிந்தபின் 60 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் செவிஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் உள்ள உங்கள் மாணவர் பதிவை மருத்துவக் கல்லூரிக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ஓபிடி முடியும் நாள், பதிவை விடுவிக்கும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து 5 மாதத்துக்குள் புதுப் படிப்பு தொடங்க வேண்டும். உங்களுக்கு இடைவெளி சுமார் ஒரு மாதம்தான். தொந்தரவே இல்லை.

ஒரு சுற்றை விட்டால் ஓபிடிக்கும் வகுப்புக்கும் நடுவே 13 மாதம் வெறுமையாக நிற்கும். அதை நிரப்புவதற்கு இருப்பது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டங்களுக்கான ஓபிடி நீட்டிப்பு, 24 மாதம். உயிரியல் பட்டம் ஸ்டெம் பட்டியலில் வரும், ஆனாலும் உங்கள் ஐ-20ல் (கல்லூரி தரும் மாணவர் தகுதிச் சான்று) அச்சாகியிருக்கும் சிஐபி எண்ணை (பாடப்பிரிவுக் குறியீடு) ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பட்டத்தின் பெயரை வைத்து முடிவுசெய்வதில்லை, அந்த எண்தான் கணக்கு. நீட்டிப்புக்கு முதல் ஓபிடி முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடியும் நாளைத் தாண்டக் கூடாது. உரிய காலத்தில் போட்டுவிட்டால், முடிவு வராவிட்டாலும் 180 நாள்வரை வேலையைத் தொடரலாம்.

பலர் தடுக்கி விழுவது வேலையின் தன்மையில். முதல் 12 மாதத்தில் படிப்போடு தொடர்புள்ள வேலை வாரம் 20 மணி நேரமாவது இருந்தால் போதும், சம்பளம் இல்லாத ஆய்வகப் பணியும் செல்லும். ஸ்டெம் நீட்டிப்பில் அது நடக்காது: சம்பளம் வேண்டும், முதலாளி இ-வெரிஃபையில் (பணி அனுமதியைச் சரிபார்க்கும் அரசுத் தளம்) பதிந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். வேலையில்லா நாள்கள் முதல் ஆண்டில் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. சனி ஞாயிறும் அதில் சேரும், ஓபிடி தொடங்கிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடும். ‘ஜூலையில் ஓய்வெடுத்துவிட்டு ஆகஸ்டில் தேடலாம்’ என்றால் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். வேலையோ முகவரியோ மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு கண்ணி: மதிப்பெண்ணை உயர்த்தலாம் என்று ஓபிடி காலத்தில் புதுப் பட்டப்படிப்பில் சேர்ந்து புது ஐ-20 வாங்கினால் ஓபிடி அன்றோடு முடிந்தது. எதில் சேர்வதாக இருந்தாலும் டிஎஸ்ஓவிடம் (கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசாவைக் கவனிக்கும் அதிகாரி) மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்துவையுங்கள். வாய்மொழிப் பதில் போதாது.

பூவரசு:

விசாவை எழுகதிர் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தைப் பார்ப்போம். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை வைத்துத்தான் எது பழுது என்று சொல்ல முடியும். செகண்டரி வந்ததைப் பெரிய அறிகுறியாக எடுக்காதீர்கள், பல கல்லூரிகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அனுப்பிக் கட்டணம் வாங்கிக்கொள்ளும். செகண்டரிக்குப் பிறகு அழைப்பு வராவிட்டால் நான்கு இடங்களில் தேட வேண்டும்: தாமதம், கல்லூரிப் பட்டியல், அனுபவ நேரம், கட்டுரைகள். நேர்காணல் பல கிடைத்து எல்லாமே வெயிட்லிஸ்ட் ஆனால் மட்டும்தான் நேர்காணல் முறையைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது முதல் வகை.

தாமதம் நிச்சயம் ஒரு காரணம். பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம் வர வர நேர்காணல் நாள்களும் நிரம்பிக்கொண்டே போகும். ஆகஸ்ட் கடைசியில் சரிபார்த்து, அதன்பின் செகண்டரி என்றால் கோப்பு முழுமையாவது செப்டம்பர் நடுவில். வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவை அதற்குள் பெரும்பாலும் பேசி முடிந்திருக்கும். ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறக்கும், மே கடைசி வாக்கில் சமர்ப்பிக்கலாம், ஜூன் கடைசியில்தான் கல்லூரிகளுக்குப் போகும். முதல் வாரத்திலேயே சமர்ப்பித்தால் நெரிசலுக்கு முன் சரிபார்ப்பு முடியும், ஜூன் நடுவில் போட்டால் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். எம்கேட் மதிப்பெண்ணுக்காகச் சமர்ப்பிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். சரிபார்ப்புக்கு மதிப்பெண் தேவையில்லை. ஒரே ஒரு கல்லூரியைச் சேர்த்துச் சமர்ப்பித்துவிட்டு, மதிப்பெண் வந்தபின் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

511 பற்றி. அமெரிக்க எம்.டி. படிப்பில் சேர்கிறவர்களின் சராசரியே அந்த அளவில்தான் இருக்கிறது. உள்நாட்டு மாணவருக்கு அது போதும். வெளிநாட்டு மாணவர் அந்தச் சராசரிக்கு மேலே நிற்பவர்களோடு மோத வேண்டியிருக்கிறது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எழுதாதீர்கள். எம்கேட்டை நடத்தும் ஏஏஎம்சியின் முழுநீள மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 516க்கு மேல் வந்தால் மட்டும் எழுதுங்கள். 511க்குப் பிறகு 509 வாங்கினால் இரண்டும் கோப்பில் இருக்கும். ஒரே ஆண்டில் 3 முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4 முறை, வாழ்நாளில் 7 முறை என்று வரம்பு இருக்கிறது. தேர்வுக்கூடத்தில் ரத்து செய்ததும், பதிவுசெய்துவிட்டுப் போகாமல் விட்டதும் அதில் சேரும்.

பரிந்துரைக் கடிதங்கள் போன சுற்றிலிருந்து தானாக வந்துவிடாது, எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். இன்டர்ஃபோலியோ என்ற கடிதச் சேமிப்புத் தளத்தில் வைத்திருந்தாலும் பழைய தேதியோடு அனுப்பாதீர்கள், புதுத் தேதியிட்டுத் தரச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு கடிதமாவது போன ஆண்டு இல்லாதவரிடமிருந்து வரட்டும். காஸ்பர் தேர்வும் (சூழலுக்கேற்ற முடிவெடுப்பைச் சோதிக்கும் இணையத் தேர்வு) ஒரு சுற்றுக்கு மட்டுமே செல்லும், அதை மறுபடி எழுதியாக வேண்டும்.

ஆம்காஸில் ‘மருத்துவம் ஏன்’ என்று எழுதும் தனிக் கட்டுரையின் 5,300 எழுத்துகளில் நான்கு வரியை மாற்றிவிட்டு அனுப்புவது மறுவிண்ணப்பத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. அதே கல்லூரிக்கு மறுபடி போட்டால் பழைய கோப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களால் முடியும். பல செகண்டரிகளில் ‘போன முறைக்குப் பின் என்ன மாறியது?’ என்று நேராகவே கேட்பார்கள். மருத்துவம் ஏன் என்ற காரணம் மாற வேண்டியதில்லை, அதற்கு நீங்கள் காட்டும் சான்று மாற வேண்டும்.

இப்போது நீங்கள் சொல்லாத ஒன்று: நோயாளிகளோடு நேரடியாக இருந்த மணிக்கணக்கு எவ்வளவு? இந்த ஜூனா அடுத்த ஜூனா என்பது அதைப் பொறுத்தது.

நாளைய டாக்டர்:

மிக்க நன்றி. ஆய்வகத்தில் 1,200 மணி நேரம், ஓர் ஆய்வுச் சுவரொட்டியில் பெயர் வந்திருக்கிறது. மருத்துவமனைத் தன்னார்வப் பணி 90 மணி நேரம், மருத்துவரோடு நிழல்பணி (கூடவே இருந்து கவனிப்பது) 30. கட்டுரையில் பெரும்பகுதி ஆய்வைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

பூவரசு:

அப்படியானால் என் பதில் தெளிவு: ஒரு சுற்றை விடுங்கள். 1,200க்கு 90 என்றால், கோப்பைப் படிப்பவருக்கு ‘இவருக்கு முனைவர் பட்டம்தானே பொருந்தும்’ என்ற கேள்விதான் வரும். இன்றிலிருந்து ஜூனுக்குள் வாரம் 10 மணி போட்டாலும் எண்பது, நூறுதான் கூடும். அதை வைத்து ‘என்ன மாறியது’ என்ற கேள்விக்குப் பதில் எழுத முடியாது. சில கல்லூரிகளில் ஒருவர் மொத்தம் எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. மாறாத கோப்பை அனுப்பி ஒரு முறையை வீணாக்க வேண்டாம்.

எழுகதிர் சொன்ன விதிகளையே சாதகமாக்கிக்கொள்ளலாம். முதல் 12 மாதத்தில் விதி தளர்வு, அந்தக் காலத்தை நோயாளிகள் பக்கம் செலவிடுங்கள். மருத்துவரின் குறிப்பெழுத்தர், கிளினிக் உதவியாளர், நோயாளிகளை நேரில் சந்திக்கும் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர், இதில் ஏதாவது ஒன்று. உயிரியல் பட்டத்தோடு அந்த வேலைக்கு என்ன தொடர்பு என்பதை ஒரு பத்தி எழுதி டிஎஸ்ஓவிடம் காட்டுங்கள், ஓபிடி மாணவர்களுக்கான அரசின் எஸ்இவிபி போர்ட்டலிலும் அதைப் பதிய வேண்டியிருக்கும். வாரம் 20 மணி என்றால்கூட அடுத்த ஜூனுக்குள் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம். அதன்பின் ஸ்டெம் காலம். அதற்குச் சம்பளமுள்ள பல்கலைக்கழக ஆய்வக வேலை பொருத்தம், உங்கள் ஆய்வு அனுபவத்துக்கு அது கிடைப்பது கடினமில்லை. நேர்காணல் நடக்கும் மாதங்களில் அங்கேதான் இருப்பீர்கள். அந்த வேலையை அடுத்த ஜனவரியிலேயே தேடத் தொடங்குங்கள். ஜூன் 30க்குள் கையெழுத்தான ஐ-983 கையில் இல்லாவிட்டால் இந்தத் திட்டமே கவிழ்ந்துவிடும்.

ஆழிமுத்து:

கல்லூரிப் பட்டியலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. வெளிநாட்டு மாணவர் பணத்தையும் நம்பிக்கையையும் அதிகம் இழப்பது இங்கேதான்.

ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் (கல்லூரி விவரத் தொகுப்பு) தளத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் வெளிநாட்டு விண்ணப்பதாரரை ஏற்பார்களா என்ற குறிப்பு இருக்கும். அதோடு நிறுத்தாமல் போன ஆண்டு அங்கே சேர்ந்தவர்களில் வெளிநாட்டினர் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். ‘ஏற்போம்’ என்று போட்டிருக்கும், சேர்ந்தவர் பூஜ்யமாக இருக்கும். அப்படி இரண்டு ஆண்டு பூஜ்யம் என்றால் அந்தக் கல்லூரியை எடுத்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் தம் மாநிலத்தவருக்கே. டெக்சாஸில் அரசு நிதி பெறும் கல்லூரிகளில் 90 விழுக்காடு இடம் அந்த மாநிலத்தவருக்கு என்று சட்டமே இருக்கிறது. ஹார்வர்ட், யேல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், டூக், கேஸ் வெஸ்டர்ன் போன்ற தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரை எடுத்திருக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் எல்லாமே எட்டாக் கிளையாகிவிடும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளையும் சேர்த்துப் பாருங்கள், அதற்கு ஆகோமாஸ் என்ற தனி விண்ணப்பம். எம்.டி.-பிஎச்.டி. யோசனை இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: என்ஐஎச் (அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம்) பயிற்சி நிதி குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (பச்சை அட்டை) உள்ளவர்களுக்கும் மட்டுமே. பச்சை அட்டை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதையும் பல கல்லூரிகள் கணக்கில் எடுப்பதில்லை, அட்டை கைக்கு வந்திருக்க வேண்டும்.

பணம். ஆம்காஸ் முதல் கல்லூரிக்குச் சுமார் 175 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 45 டாலருக்கு மேல். 20 கல்லூரி என்றால் ஆயிரத்தைத் தாண்டும். செகண்டரிகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏஏஎம்சியின் கட்டணச் சலுகைத் திட்டம் எஃப்-1 மாணவருக்குக் கிடையாது. மத்திய அரசுக் கல்விக் கடனும் கிடையாது. தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமகனோ பச்சை அட்டை வைத்திருப்பவரோ உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும். சில கல்லூரிகள் ஓராண்டுச் செலவை, சில நான்கு ஆண்டுச் செலவையும் முன்கூட்டியே வைப்புக் கணக்கில் காட்டச் சொல்லும். இதை விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் பார்த்துவிடுங்கள். நான்கு ஆண்டுப் பணத்தைக் காட்ட முடியாது என்று தெரிந்தால் அந்தக் கல்லூரி பட்டியலில் இருக்கவே வேண்டாம். இடம் கிடைத்தபின் பணத்தால் விடுவதைப் போன்ற வேதனை வேறில்லை.

செங்காந்தள்:

காத்திருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் கடைசியில் தள்ளிவிட்டோம், ஆனால் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மௌனத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நேர்காணல் அழைப்பு பொதுவாக ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை வரும். நடுவில் வாரக்கணக்கில் ஒன்றுமே வராது. கோப்பை ஒருமுறை படித்து, எடுக்கவும் விடவும் மனமில்லாமல் ஓரமாக வைத்திருப்பார்கள். அதைச் சொல்லி யாரும் கடிதம் எழுதுவதில்லை. உங்களுக்கு அது நிராகரிப்பு மாதிரியே தெரியும். மார்ச் 15க்குள் ஒவ்வொரு கல்லூரியும் தன் வகுப்பின் அளவுக்காவது இடங்களை வழங்கியிருக்க வேண்டும். ஏப்ரல் 30ல் பல இடங்களை வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தவிர மற்றதை விட வேண்டும். அதனால்தான் வெயிட்லிஸ்ட் மே முதல் வாரங்களில் நகரும், வகுப்பு தொடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருக்கும். ஆகையால் உங்கள் இப்போதைய வெயிட்லிஸ்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்தக் கல்லூரி கூடுதல் கடிதம் ஏற்குமா என்று போர்ட்டலில் பாருங்கள். ஏற்றால், இடம் தந்தால் நிச்சயம் சேர்வேன் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அந்த உறுதியை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் தரலாம்.

விண்ணப்பத்துக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அதன் அறிவிப்பை அணைத்துவிட்டு ஒரு நாளில் ஒரே ஒரு குறித்த நேரத்தில் திறங்கள். நேர்காணல் காலத்தில் மட்டும் இரண்டு முறை, நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விடும். போர்ட்டல்களை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மற்றவர்கள் தங்களுக்கு வந்த அழைப்புகளைப் பதியும் இணைய இழைகளை அந்த மாதங்களில் திறக்காமலே இருங்கள். அங்கே எழுதுவது அழைப்பு வந்தவர்கள் மட்டும். வராத பெரும்பான்மையை அதில் பார்க்கவே முடியாது.

ஜூனுக்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது, முடிவு விதிகளை எழுதிவைத்துவிடுங்கள். எத்தனை சுற்று, மொத்தம் எவ்வளவு பணம், எந்தத் தேதிவரை ஒன்றும் வராவிட்டால் மாற்று வழியைத் தொடங்குவது. உங்கள் விசாவில் அந்தத் தேதி இயல்பாகவே இருக்கிறது: விட்டுப் போடும் சுற்றின் மார்ச் கடைசிவரை நேர்காணல் ஒன்றும் இல்லையென்றால், ஸ்டெம் காலத்தில் இன்னும் 15 மாதம் மிச்சம் இருக்கும். முதுகலை, பொதுச் சுகாதாரம், முனைவர் பட்டம் எதற்கும் திட்டமிட அது போதும். எழுதிவைக்காவிட்டால், நிராகரிப்பு வந்த இரவில் அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கும்.

வாடகை ஒப்பந்தம் போடுங்கள். ஒரு ஆண்டுக்குப் போட்டு, இடையில் விட்டால் எவ்வளவு அபராதம், உள்வாடகைக்கு விடலாமா என்ற இரண்டு பத்திகளை மட்டும் நன்றாகப் படித்துக் கையெழுத்திடுங்கள். மோசமான நிலையில் போகப்போவது இரண்டு மாத வாடகை. பெட்டியைப் பிரிக்காமல் ஒரு ஆண்டு வாழ்வதில் போவது அதைவிட அதிகம்.

வீட்டாரிடம் ‘மாதத்தின் முதல் ஞாயிறு நானே சொல்கிறேன், நடுவில் கேட்க வேண்டாம்’ என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். உறவினர்களின் விசாரிப்பையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், சாப்பாடு பிடிக்காமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். பட்டம் முடிந்ததும் பல்கலைக்கழக ஆலோசகரும் மாணவர் காப்பீடும் போய்விடும், மே மாதத்துக்குள் வேறு காப்பீடு பார்த்துவையுங்கள். மனநல சிகிச்சை எடுத்தால் விண்ணப்பம் கெடும் என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. ஆம்காஸ் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. தாங்கவே முடியாத நேரம் வந்தால் 988க்கு (அமெரிக்க மனநல நெருக்கடி உதவி எண்) அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

நாளைய டாக்டர்:

செங்காந்தள், நன்றி. வாடகைக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியாக ஒன்று: வெயிட்லிஸ்டிலிருந்து ஜூலை நடுவில் திடீரென்று கூப்பிட்டால், அதற்குள் ஓபிடி தொடங்கியிருக்குமே?

எழுகதிர்:

தொடங்கியிருந்தாலும் போகலாம். செவிஸ் பதிவை விடுவிக்கும் தேதியில் ஓபிடி முடியும், அன்றோடு வேலையை நிறுத்திவிட வேண்டும். அதனால் அந்தத் தேதியை டிஎஸ்ஓவோடு பேசிக் குறியுங்கள். எம்.டி. மேல்நிலைப் பட்டம், அது முடிந்ததும் புதிய ஓபிடி கிடைக்கும். நாட்டைவிட்டு வெளியே போகாமல் மாற்றினால் புது விசா முத்திரையும் வேண்டாம்.

இடறுவது நிதி ஆவணத்தில். ஜூலையில் கூப்பிட்டால் சில நாள்தான் அவகாசம் தருவார்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, பணம் தருபவரின் உறுதிக் கடிதம், வைப்புத்தொகைச் சான்று எல்லாம் ஆங்கிலத்தில், சமீபத் தேதியோடு இருந்தால்தான் ஐ-20 தயாராகும். சான்று எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வெயிட்லிஸ்டில் வைத்திருக்கும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகப் பக்கத்தில் அந்தப் படிவத்தை இன்றே இறக்கி நிரப்பிவையுங்கள், வங்கி அறிக்கையை மட்டும் ஜூன் கடைசியில் புதிதாக எடுத்துச் சேருங்கள்.